இரும்பில் தட்டாத கை

அநியாயம் நடந்தது ஜெனிட்டாவுக்கு. செய்தவர் பரணி அண்ணன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்பத்தூர் எஸ்டேட்டில் அவருடைய அப்பாவின் லேத்துப் பட்டறையில், எங்கள் எல்லார் எதிரிலும், அவள் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த பாட்டைப் பாதியில் நிறுத்தினார். நிறுத்தியதுகூட இல்லை அநியாயம். அவர் நிறுத்தியதும் அவள் சிரித்தாளே, அதுதான். வெளியே இருப்பவர்களுக்கு இது புரியாது, சொல்கிறேன்: எங்கள் கூட்டத்தில் ஒரு பாட்டு பாதியில் நின்றால் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. டப்ஸ்டெப் என்கிற எலக்ட்ரானிக் இசை கேட்கிற கூட்டம் நாங்கள். டெலிகிராமில் ‘அடிவயிறு’ என்று பெயர், ஏனென்றால் அந்த இசையின் பேஸ், அடியில் உறுமுகிற சத்தம், காதுக்கு வருவதற்கு முன்னால் அங்கேதான் வந்து சேரும். மாதத்தில் ஒரு ஞாயிறு, மிஷின்கள் ஓடாத பட்டறையில், விளக்கை அணைத்துவிட்டு, கட்டிங் ஆயில் வாசனைக்கு நடுவே தரையில் உட்காருவோம். யாராவது புதிதாகச் செய்ததைக் கொண்டுவருவார்கள், பரணி அண்ணன் போடுவார். கைதட்டக் கூடாது, ஆஹா ஓஹோ கூடாது. தாங்க முடியாத அளவுக்குப் பிடித்துவிட்டால் மட்டும் பக்கத்தில் இருக்கிற இரும்பில் தட்ட வேண்டும். லேத்தோ, டிரம்மோ, மூலையில் சாத்தி வைத்த ராடோ, எது எட்டுகிறதோ அதில், விரல் முட்டியால். தட்டுகிற சத்தம் கேட்டதும் போடுகிறவர் பாட்டை அந்த இடத்திலேயே நிறுத்தி, முதலிலிருந்து மறுபடி போடுவார். ரீவைண்ட். லண்டனில் இதற்குச் சுவரில் அடிப்பார்களாம், எங்களுக்கு இரும்புதான் இருந்தது. ஆக, பாட்டு நின்றது. ஜெனிட்டா எழுந்து நின்றாள். கூரை ஓட்டை வழியாக விழுந்த வெயிலில் அவள் பல் தெரிந்தது. முதலிலிருந்து வரப்போகிறது என்று காத்திருந்தாள். வரவில்லை. “இது நம்ம எடத்துக்கு செட்டாகாதும்மா,” என்றார் பரணி அண்ணன். “அடுத்து யாரு?” அவள் சிரிப்பு உடனே போகவில்லை. போக வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை.

அதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. சேப்பாக்கத்தில் பறக்கும் ரயிலுக்குப் படியேறும்போதுகூட சூடாகத்தான் இருந்தது, பரணி அண்ணனுக்குக் குழுவில் அடுத்து எழுத வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே ஏறினேன், மேலே வந்து பிளாட்பாரத்தில் மூச்சு வாங்கும்போது போன் அதிர்ந்தது. பரணி அண்ணன்தான், இன்றைக்குப் பாடம் எடுத்துவிடுகிறேன் என்று பார்த்தால் ஜெனிட்டா. குழுவில் இல்லை, எனக்குத் தனியாக. ‘மக்கா, அன்னைக்கு நீ ஏன் தட்டல?’ அவ்வளவுதான். அதற்குக் கீழே இன்னொன்று: ‘பெங்களூர்க்காரங்களுக்கு இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும். அனுப்பணுமா வேண்டாமான்னு நீ சொல்லதப் பாத்துட்டுதான்.’ பெங்களூரில் ஒரு சின்ன இசைக் கம்பெனி, புதிய ஆட்களின் டப்ஸ்டெப்பைச் சேர்த்து ஒரு தொகுப்பு போடுகிறார்கள், ஜெனிட்டாவை அவர்களாகவே கேட்டார்கள், அவளை வெளியே இருந்து யாராவது கேட்டது அதுதான் முதல் தடவை. ரயில் வந்தது, ஏறினேன், லேடீஸ் பெட்டியில் ஜன்னலோரம் கிடைத்தது, உட்கார்ந்தேன், இதெல்லாம் என் உடம்பு செய்தது. நான் அந்த முதல் வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் தட்டல. மூன்று நாளாக நான் அவளுக்காக எழுதியதைப் பிரிண்ட் எடுத்தால் எம்.ஏ. முதல் செமஸ்டர் அசைன்மென்ட் எல்லாவற்றையும்விட மொத்தமாக வரும். அதில் ஒரு வரியைப் பற்றிக்கூட இவள் கேட்கவில்லை. இருட்டில் உட்கார்ந்திருந்த என் கையைப் பார்த்திருக்கிறாள். எல்லாரும் ஸ்பீக்கரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது இவள் மட்டும் என் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பாட்டு தொடங்கியதிலிருந்தே பார்த்திருப்பாளோ, ஒவ்வொரு தடவை பேஸ் இறங்கும்போதும் இப்போது தட்டுவாள், இப்போது தட்டுவாள் என்று.

பதில் எழுத ஆரம்பித்தேன். ‘ஜெனி, நான் லேத்துப் பக்கத்துல இல்ல, எனக்கு எட்டல’ என்று எழுதினேன். அழித்தேன். எட்டியது. என் முழங்கை லேத்து மேல்தான் இருந்தது, சில்லென்று, எழுந்தபோது கையில் எண்ணெய்க் கறை. ‘ரெண்டாவது டிராப் வரட்டும்னு காத்திருந்தேன்.’ டிராப் என்றால் பாட்டு மூச்சை அடக்கி வைத்திருந்து மொத்தமாக விடுகிற இடம். முதல் டிராப்பில் தட்டுவது கொஞ்சம் சின்னப்பிள்ளைத்தனம், விஷயம் தெரிந்தவர்கள் இரண்டாவதுக்குக் காத்திருப்பார்கள், இது நல்ல வாதம், கேட்டால் குழுவில் எதையும் கிண்டலடிக்கிற இம்ரான்கூட ஒப்புக்கொள்வான். ஆனால் ஆறு மாதம் முன்னால் ஜெனிட்டாவின் பழைய பாட்டுக்கு முதல் டிராப் வருவதற்கு முன்னாலேயே நான் தட்டியிருக்கிறேன், தொடையில் தட்டுகிற மாதிரி யோசிக்காமல் தட்டியிருக்கிறேன், அது அவளுக்கு மறந்திருக்காது. அழித்தேன். ‘நான் தட்டியிருந்தா ஃப்ரெண்டுக்காகத் தட்டினேன்னு சொல்லிருப்பாங்க, அது உன் பாட்டுக்குத்தான் அவமானம்.’ ஆ. இது. இதில் நியாயம் இருக்கிறது, அரசியல்கூட இருக்கிறது, அந்தப் பட்டறையில் நாங்கள் இரண்டே பெண்கள், ஒருத்திக்கு இன்னொருத்தி தட்டினால் அவர்கள் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாதா. இதை இன்னும் கொஞ்சம் நீட்டலாம் என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து சீட் ஆன்ட்டி என் தோளைத் தட்டினார். மடியில் ஹெல்மெட், அதற்குள் ஒரு காலிஃபிளவர். “என்னம்மா, வைவாவா?” “இல்ல ஆன்ட்டி.” “வாய் அசைஞ்சுகிட்டே இருக்கே.” “ஒருத்தருக்கு பதில் சொல்லணும்.” “மாமியாரா?” “எனக்குக் கல்யாணமே ஆகல ஆன்ட்டி.” “அப்ப எதுக்கு இவ்ளோ ஒத்திகை?” என்று சிரித்தார். “நானும் எங்க மாமியாருக்கு ஒரு பதில் வச்சிருந்தேன். கல்யாணமான நாளா யோசிச்சு, செதுக்கி, சூப்பரா வச்சிருந்தேன். அதுக்குள்ள அவங்க போய்ச் சேர்ந்துட்டாங்க.” காலிஃபிளவரை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டு அவர் தூங்கப் போய்விட்டார். நான் மூன்றாவது பதிலையும் அழித்தேன்.

ரயில் மயிலாப்பூருக்குள் நுழைந்தது, அந்த நிலையத்தின் பெரிய வெற்றுக் கூடம், பில்லர், பில்லர், பில்லர், யாரோ கூப்பிட்டது எங்கேயோ போய் மோதித் திரும்பி வந்தது. நாங்கள் முதலில் காதலித்தது இந்த மாதிரி ஒரு வெற்றிடத்தைத்தான், நானும் ஜெனிட்டாவும். ஹாஸ்டலில், டிகிரி இரண்டாவது வருஷம், மெஸ்ஸில் சாம்பார் தீர்ந்துபோன ஒரு மத்தியானம், ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டு அவள் கட்டிலில் படுத்திருந்தோம். அவள் எங்கேயோ தேடி எடுத்த பழைய டப்ஸ்டெப், லண்டனின் தெற்கு ஓரத்தில் பையன்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து செய்தது. ஒன்றுமே இல்லை அதில். ஒரு டிரம், அப்புறம் நீளமாக ஒன்றும் இல்லாமை, அப்புறம் அடியில் ஏதோ ஒன்று, லாரி நின்றபடி உறுமுகிற மாதிரி. எனக்குச் சத்தமாகப் பேசத்தான் தெரியும், வீட்டில் அப்பா கட்சிக்காரர், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாலேயே விவாதம் வந்துவிடும், அமைதி என்றால் யாரோ தோற்றுவிட்டார்கள் என்றுதான் எங்கள் வீட்டில் அர்த்தம். அப்படிப்பட்ட எனக்கு யாரும் தோற்காத ஓர் அமைதியை முதல் தடவை காதில் வைத்தது ஜெனிட்டா. “எனக்கு ஒரு காதுதான இருக்கு, பாதி போயிடாதா?” என்று கேட்டேன். “அடியில இருக்கது ரெண்டு காதுக்கும் ஒண்ணுதாம்ட்டி, உனக்கு ஒண்ணும் கொறையாது,” என்றாள். அவள் நாகர்கோவில். அவளுக்கு எல்லாரும் மக்கா, கோபம் வந்தாலும் பாசம் வந்தாலும் ‘எட்டி’. போன மாதம் என் கல்லூரிக் கேன்டீனில் அவள் புதுப் பாட்டைச் செய்துகொண்டிருந்தபோது, நான் பழக்கத்தில் அவள் காதிலிருந்து ஒரு இயர்போனை உருவப் போனேன். கையைப் பிடித்துவிட்டாள். “இத பாதி பாதியா கேக்க முடியாது மக்கா. அந்தப் பக்கம் ஒண்ணு ஓடும், இந்தப் பக்கம் ஒண்ணு ஓடும். பட்டறையில கேளு.” சரி என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். ஒருவேளை அதனால்தான் தட்டவில்லையா? அந்தக் கேன்டீன் டீ ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் என் கையிலேயே இருந்ததா? அவ்வளவு அற்பமானவளா நான்? இல்லை. இருக்கலாம். இல்லை.

பரணி அண்ணனிடம் நான் சொன்னது ஒவ்வொன்றும் சரி, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அவர் எழுதினார்: ‘டப்ஸ்டெப்னா எடம். எடமே இல்லாம அடைச்சு வச்சா அது டப்ஸ்டெப் இல்ல, மிக்ஸி.’ இம்ரான் உடனே ‘தேங்கா சட்னி ரெடி, தோசை எங்க?’ என்று போட்டான், அதற்குப் பதினாறு பேர் சிரித்தார்கள், வெட்கம் கெட்டவர்கள். நான் எழுதினேன்: ‘நீங்க ஒரிஜினல்னு கும்பிடறது வந்தப்பவும் அதுக்கு முன்னாடி ஆடிட்டு இருந்தவங்க இதையேதான் சொன்னாங்க அண்ணா, இது டான்ஸே இல்ல, பொணம் தூக்கற மியூசிக்னு. அவங்க பேச்சைக் கேட்டிருந்தா இன்னைக்கு உங்களுக்கு இந்த ஸ்பீக்கரே தேவைப்பட்டிருக்காது.’ அமெரிக்காவுக்குப் போன பிறகு அந்த இசை எப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு ரம்பமானது, அதைக் கேட்கிற கூட்டத்தை இவர்கள் ஏன் பொடிப்பையன்கள் என்று மட்டம் தட்டுகிறார்கள், எல்லாவற்றையும் எழுதினேன். ‘லண்டன்ல, குராய்டன்ல ஒரு தெருவுல நடந்தத அம்பத்தூர்ல உக்காந்து காவல் காக்கறீங்க’ என்று எழுதினேன். ‘ரெண்டும் ஒண்ணுதான் அட்வகேட் மேடம், மழை பேஞ்சா ரெண்டு எடத்துலயும் ரோடு தெரியாது’ என்று இம்ரான். அதற்கும் சிரிப்பு. அப்புறம்தான் பரணி அண்ணன் அதை எழுதினார்: ‘சீரியலுக்கு இடி போட்டுப் போட்டு அந்தப் பொண்ணுக்குப் பாட்டுலயும் இடிதான் வருது.’ ஜெனிட்டா கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் டிவி சீரியல்களுக்குச் சத்தம் சேர்க்கிற வேலை பார்க்கிறாள், மாமியார் திரும்பிப் பார்த்தால் இடி, மருமகள் தட்டைக் கீழே போட்டால் இடி. அதை வைத்து அவளே எங்களைச் சிரிக்க வைப்பாள். அவள் சொல்வது வேறு, அவர் எழுதியது வேறு. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு வரி: ஜெனிட்டா குழுவிலிருந்து வெளியேறினார். நான் அந்த வரியைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அதற்குக் கீழே எழுதிக்கொண்டே போனேன். அன்றைக்கு, நேற்று, இன்று காலை வகுப்பில் பெஞ்சுக்கு அடியில், அவள் இல்லாத இடத்தில், அவளுக்காக.

இப்போது பயம் எங்கே இருக்கிறது என்றால், எனக்கு எதுவும் பிடிக்குமா பிடிக்காதா என்பதே தெரியாமல் போய்விட்டதோ என்பதில் இருக்கிறது. கல்லூரி விவாதப் போட்டிகளில் காசைச் சுண்டிப் பக்கம் கொடுப்பார்கள். பூ விழுந்தால் ஆதரித்து, தலை விழுந்தால் எதிர்த்து. எதைக் கொடுத்தாலும் ஐந்து நிமிடத்தில் எனக்கு அதில் நம்பிக்கை வந்துவிடும், அதுவும் நடிப்பில்லை, நிஜமாகவே ரத்தம் கொதிக்கும். கோப்பைகள் ஷோகேஸில் இருக்கின்றன, அப்பா வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமை பரணி அண்ணன் ஜெனிட்டாவின் பாட்டைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? ‘அண்ணா, இதுல எடமே இல்லையே’ என்று நானே ஆரம்பித்திருப்பேனோ? மந்தைவெளி போனது. கிரீன்வேஸ் சாலை போனது. ஆற்று நாற்றம் ஜன்னல் வழியாக வந்தது, ஆன்ட்டி தூக்கத்திலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார். பாட்டை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன், வாதமில்லாமல், பாட்டை மட்டும். தொடக்கம் நினைவிருக்கிறது: யாரோ தரையில் சங்கிலியை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி ஒன்று, இடது ஸ்பீக்கரிலிருந்து வலதுக்கு. அது நன்றாக இருந்தது. நிஜமாக நன்றாக இருந்தது. அப்புறம் டிராப். பல் மருத்துவர் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி தாடை இறுகியது. ஒரு சத்தம் முடிவதற்குள் அடுத்த சத்தம், அதன் தோளில் இன்னொன்று, கதவைத் திறந்தால் கதவு, எங்கேயும் நிற்க இடமில்லை, மூச்சை எங்கே விடுவது என்று தெரியவில்லை. நான் அப்போது என்ன நினைத்தேன்? நினைத்ததைச் சொல்லட்டுமா? ஜெனி, நீ எங்கே இருக்கிறாய் இதில், என்று நினைத்தேன். உன்னைக் காணவில்லையே என்று.

ஆனால் அவள் அங்கேதான் இருந்திருக்கிறாள், காணாமல் போனது நான்தான் என்றால்? அந்தப் பாட்டில் எனக்கு ஒரு காது ஒதுக்கப்படவில்லை, அதைத்தான் நான் இடமில்லை, இடமில்லை என்று சொல்கிறேனோ? பார், மறுபடியும் வாதம், இப்போது எனக்கு எதிராகவே, அதிலும் நன்றாகத்தான் பேசுகிறேன். நிறுத்து. பாட்டு நின்ற கணத்துக்கு வா. சத்தம் அறுந்தது. கூரைத் தகடு கொஞ்ச நேரம் தானாக அதிர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கணத்தில் ஜெனிட்டா மட்டும் இல்லை, நானும் ரீவைண்ட் என்றுதான் நினைத்தேன். யாரோ தட்டிவிட்டார்கள், எனக்குக் கேட்கவில்லை, யார் அது, இம்ரானா, வாசல்பக்கம் உட்கார்ந்திருந்த புதுப் பையனா என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வயிறு கீழே இறங்கியது. எனக்குக் கேட்காத ஒன்று வேறு யாருக்கோ கேட்டுவிட்டது. அவளுக்கு என்னைவிட நல்ல காது ஒன்று வாய்த்துவிட்டது. அப்புறம்தான் பரணி அண்ணன் பேசினார், செட்டாகாதும்மா என்றார், அப்போது என் வயிறு மேலே வந்து அதன் இடத்தில் உட்கார்ந்தது. ஆறுதல். ஒரு நொடி, அரை நொடி, எனக்கு ஆறுதலாக இருந்தது. அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருக்கும்போதே. அதற்கு அடுத்த நொடிதான் எனக்குக் கோபம் வந்தது, வந்த கோபம் மூன்று நாளாக நிற்கவில்லை.

கோட்டூர்புரத்தில் ஒரு கல்லூரிக் கூட்டம் ஏறியது, பெட்டி நிறைந்தது, யாரோ ஒருத்தி ஸ்பீக்கரில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தாள், ஒவ்வொன்றும் தொடங்கி, தொடங்கி, அறுந்து. பொய் சொல்லலாமா? ‘பிடிச்சுது மக்கா, கை மரத்துப் போச்சு, அதான்’ என்று சொன்னால் அவள் பெங்களூருக்கு அனுப்புவாள், நல்லது நடக்கும், பரணி அண்ணன் தோற்பார். ஆனால் ஜெனிட்டாவுக்குச் சத்தம்தான் தொழில். தட்டு விழுகிற சத்தத்தைக் கேட்டு எவர்சில்வரா பீங்கானா, கையிலிருந்து விழுந்ததா மேசையிலிருந்தா என்று சொல்கிறவள். என் பொய் எங்கிருந்து விழுகிறது என்று அவளுக்குத் தெரியாதா. உண்மையைச் சொன்னால்? அனுப்ப மாட்டாள். ‘இதுவும் சரிவரலன்னா லேப்டாப்ப மூடிட்டு ஊருக்குப் போய் பி.எட். சேந்துருவேன்’ என்று சிரித்துக்கொண்டே ஒரு நாள் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொல்வதைத்தான் அவள் செய்வாள், ஹாஸ்டலை விட்டதும் அப்படித்தான். அப்புறம் பரணி அண்ணன் பட்டறையில் அடுத்த மாதம் விளக்கை அணைப்பார், எல்லாம் பழைய மாதிரி இடத்தோடு, அமைதியோடு இருக்கும், அதை நான் எப்படிக் கேட்பேன்? குழுவைத் திறந்து என் கடைசி மெசேஜைப் பார்த்தேன். முந்நூறு சொல் இருக்கும். ‘ஜெனிட்டாவின் பாட்டு டப்ஸ்டெப்பின் அடுத்த கட்டம்’ என்று முடித்திருக்கிறேன். அடுத்த கட்டம்! யார் சொன்னது? மேலே தள்ளினேன், இன்னும் மேலே, என்னுடையது, பரணி அண்ணனுடையது, இம்ரான், சட்னி, குராய்டன், என்னுடையது, என்னுடையது. ஏதோ ஒன்று இல்லை. என்ன என்று முதலில் பிடிபடவில்லை, வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனையில் நிற்கிற மாதிரி, எதையோ விட்டுவிட்டேன், என்ன அது. மறுபடி மேலிருந்து கீழே படித்தேன். மூன்று நாள். இத்தனை பேர். அந்தப் பாட்டின் மீதி எப்படி இருக்கும் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

வெளிவராத பாட்டின் ஃபைலை யாரும் யாருக்கும் அனுப்பக் கூடாது, பட்டறையில்தான் கேட்க வேண்டும், இது எங்கள் சட்டம். அதனால் அந்த மீதியை யாரும் கேட்டதில்லை. பரணி அண்ணன் நிறுத்திய இடத்தோடு எங்கள் எல்லாருக்கும் அந்தப் பாட்டு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன வருகிறது? இன்னொரு டிராப்பா? அல்லது எல்லாச் சத்தமும் உட்கார்ந்து, அந்தச் சங்கிலி மட்டும் போய்க்கொண்டிருக்கிறதா? அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவர் மிக்ஸி என்றது பாதிக்கு. நான் அடுத்த கட்டம் என்றதும் அதே பாதிக்குத்தான். அவராவது பிடிக்கவில்லை என்று நிறுத்தினார், நான் பிடிக்காமலே தூக்கிப் பிடித்தேன், இரண்டு பேருமே மீதியைக் கேட்கவில்லை. மீதியைக் கேட்காமலே அதைப் பிடித்துவிட்டது என்று சொல்லவும் முடியாது, சொன்னால் அதுவும் பொய், மீதியும் அதே மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால்? இருக்கலாம். அவள் இனிமேல் செய்யப்போவது எல்லாமே எனக்குப் பிடிக்காததாக இருக்கலாம். தாடை இறுக உட்கார்ந்து கேட்கிற ஒருத்தியாக நான் இருக்கலாம், வருஷக்கணக்காக. திருவான்மியூர். தரமணி. எழுத ஆரம்பித்தேன், அழித்தேன், எழுதினேன், ரயில் வளைவில் சாய்ந்தது, அழித்தேன், அந்த நேரத்தில் போன் கையிலேயே அடிக்கத் தொடங்கியது. ஜெனிட்டா.

“எட்டி சுடரு, என்னட்டி எழுதிட்டு கெடக்க? டைப்பிங்னு காட்டுது, நிக்குது, காட்டுது, நிக்குது. தீசிஸா?”

“ரயில்ல இருக்கேன்டி. சிக்னல்...”

“சிக்னலு நல்லாத்தான் இருக்கு. ஸ்டுடியோல எல்லாவனும் டீ குடிக்கப் போயிருக்கானுவ, சீக்கிரம் சொல்லு.” அவள் குரலுக்குப் பின்னால் ஏதோ ஒரு கதவு திறந்தது, மூடியது, மறுபடி அதே கதவு. சீரியல் கதவாக இருக்கும்.

“ஜெனி, நான் குழுவுல எழுதினதெல்லாம் நீ...”

“படிச்சேன். இம்ரான் ஸ்கிரீன்ஷாட் அனுப்பிட்டே கெடந்தான். ரொம்ப நல்லா எழுதியிருந்த. எனக்கே என் பாட்டு பெரிய இதுன்னு தோணிட்டு.” பின்னால் ஓடிக்கொண்டிருந்த கதவை நிறுத்தினாள். “நான் அதக் கேக்கல மக்கா.”

“தெரியும்.”

“உன் கை லேத்து மேலதான இருந்து. நான் பாத்தேன்.”

“ஆமா.”

“பின்ன?”

வாயில் வந்து நின்றவை எத்தனையோ. எட்டவில்லை, இரண்டாவது டிராப், இரண்டே பெண்கள், குராய்டன், வரலாறு. ரீல்ஸ் பெண் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். ஆன்ட்டி முழித்துக்கொண்டு ஹெல்மெட்டைத் தூக்கினார். கடைசி நிலையம் நெருங்கியது, பெட்டியில் எல்லாரும் இறங்குவதற்கு எழுந்துகொண்டிருந்தார்கள், நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

“பிடிக்கல ஜெனி, அதான் தட்டல,” என்றேன். “பாதிதான் கேட்டிருக்கேன். மீதியும் பிடிக்காமப் போகலாம். நீ அனுப்பு.”